இமைக்கு எத்தனை ஆடு

நாடியைத் தூக்கி, முகத்தை அண்ணாந்துகொண்டு வண்டி ஓட்டும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. மேல் இமை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கருவிழியில் பாதியை மூடிவிட்டன. மிச்சம் இருக்கும் இடைவெளி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நான் லோடு வண்டி டிரைவர். கழுகுமலைப் பக்கத்து ஊர்களில் குச்சி அடைத்து வைத்திருக்கும் தீப்பெட்டிகளை ஏற்றி வருவது என் வேலை.

என்னைக் காலையில் பார்த்தவர்கள் திமிர் என்றார்கள். சாயங்காலம் பார்த்தவர்கள் குடித்திருக்கிறான் என்றார்கள். டீக்கடைக்காரர் மட்டும் நேராகவே கேட்டார்.

"என்ன டிரைவரே, வானத்தப் பார்த்தே ஓட்டுதீங்க? மழை வருதான்னு பாக்கீங்களா? வந்தா எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் எனக்கு வாய் வராது. அதனால் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மனைவியும் கூட வந்தாள்.

இமையைத் தூக்கும் தசை தளர்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியிலும் செய்வார்கள், ஆனால் முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். செலவைக் கீழே கவுண்டரில் கேட்கச் சொன்னார்.

"ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து அறுபதாயிரம் வரும்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "இன்சூரன்ஸ் இருக்கா?"

இருந்தது. ஆபீசில் எங்கள் எல்லோருக்கும் எடுத்திருந்தார்கள். சம்பளத்தில் பிடிப்பார்கள்.

"அப்போ அவங்க ஒத்துக்கிடணும். இமை பார்வைய மறைக்குதுன்னா பணம் குடுப்பாங்க. அழகுக்குன்னா குடுக்க மாட்டாங்க. உங்களுக்கு அழகுக்கா, பார்வைக்கா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"இவியளுக்கு அழகுக்குச் செய்யணும்னா கண்ணோட நிக்குமா தாயி? அறுபதாயிரம் காணாது."

வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே மிச்சத்தை விளக்கினாள். இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டாலும் எல்லாம் வந்துவிடாது. கையுறை, பஞ்சு மாதிரிச் சாமான்களுக்கும், பிறகு போடும் சொட்டு மருந்துக்கும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அது ஏழாயிரம், எட்டாயிரம் ஆகலாம்.

மனைவி ஆடு வளர்க்கிறாள். எந்தத் தொகையையும் ஆடாக மாற்றினால்தான் அவளுக்குப் பிடிபடும். பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள்.

"இன்சூரன்ஸ் வந்தா ஒரு ஆடு. வரலன்னா எட்டு ஆடு. நம்மகிட்ட இருக்கதே அஞ்சு. அதுல ஒண்ணு சினை."

இன்சூரன்ஸுக்கு என் படமும் ஒரு பார்வைச் சோதனையும் அனுப்ப வேண்டுமாம். படம் எடுக்கும்போது, ஸ்டூடியோவில் உட்காருவதைப் போல் கண்ணை நன்றாக விரித்தேன். சோதனைக்குக் கிண்ணம் மாதிரி ஒரு எந்திரம். நடுவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சப் புள்ளி மின்னினாலும் பட்டனை அழுத்த வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சோதனை என்றால் மார்க் எடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிய வடிய, மின்னிய புள்ளிக்கெல்லாம் அழுத்தினேன். வெளியே வந்து, "நல்லாச் செஞ்சிருக்கேன்," என்றேன். மனைவிக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் பதில் வந்தது. பார்வைக்குத் தடை இல்லை, தோற்றத்துக்கான சிகிச்சை, பணம் கிடையாது.

"பாஸாயிட்டீங்க," என்றாள் மனைவி. "எட்டு ஆடு வாங்கிப் பாஸாயிட்டீங்க."

மறுபடியும் சோதனை செய்து அனுப்பலாம் என்றார் டாக்டர். இந்தத் தடவை சோதனை செய்த பெண் என் புருவங்களை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டாள்.

"நெத்திய விட்டுருங்க சார். வீட்டுல சும்மா உக்காந்திருக்க மாதிரி இருங்க."

விட்டேன். முதலில் இரண்டு மூன்று புள்ளிகள் கீழே மின்னின. அப்புறம் வெகு நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எந்திரம் நின்னுருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு."

டாக்டர் தாளைக் காட்டினார். மேல் பாதி முழுவதும் கறுப்பாக இருந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "நல்லாக் கறுப்பா இருக்குல்லா டாக்டர்? இது போதும்லா?" என்றாள். போதும் என்று நினைக்கிறேன் என்றார் அவர். அவள் முகம் தெளிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தளர்த்திப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் ரோடு தெரிந்தது. தூரத்து ரோடு இல்லை. சாயங்காலம் ஆனால் என் நெற்றி அசந்துபோகும். அந்த நேரத்தில்தான் நான் லோடு ஏற்றிக்கொண்டு கழுகுமலையில் இருந்து கிளம்புவேன். போன மாதம் ரோட்டோரப் புளியமரத்துக் கொப்பு லோடு மேல் போட்ட தார்ப்பாயைக் கிழித்தது. கொப்பு தாழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மந்தையோடு ரோட்டைக் கடந்த ஆட்டுக் கிடைக்காரர் நடுவில் நின்று என் வண்டியைப் பார்த்துக் கம்பை வீசிக் கத்தினார். அவருக்குக் கோபம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னேன்.

"பதில் வரட்டுமே. அதுக்குள்ள என்ன அவசரம்? உங்களக் குடோன் வேலைக்குப் போட்டா சம்பளம் பாதிதான். அதையும் யோசிக்கணும்லா?"

"வண்டிய மறிச்சு ஒரு கிடைக்காரர் கத்துனாருன்னு சொன்னேன்லா, அவரும் உன்ன மாதிரி ஆட்டுக்காரர்தான்."

அவள் தட்டை நங்கென்று வைத்துச் சோறு போட்டாள்.

மறுநாள் முதலாளி மேஜையில் சாவியை வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா, வேலைய விடுதியா?"

"இல்ல அண்ணாச்சி. கண்ணு சரியாகுத வரைக்கும் வண்டி வேண்டாம்."

"இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்லுதான்?"

"ரெண்டாவது தாள் போயிருக்கு. இன்னும் சொல்லல."

"இந்தத் தடவையும் ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான்னா?"

அதுவரை எனக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை. அவன் கண்ணு நல்லாருக்கு என்று சொன்னால் நான் மறுபடி ஓட்ட வேண்டுமா? அவர் முகத்தைப் பார்ப்பதற்காக நாடியைத் தூக்கினேன்.

"அவன் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியலையே அண்ணாச்சி," என்றேன்.

சாவி மேஜையிலேயே இருந்தது. பிறகு அவர் அதை எடுத்து டிராயரில் போட்டார்.

இப்போது குடோனில் பண்டல் அடுக்குகிறேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது தொழுவத்தில் நான்கு ஆடுதான் நின்றது.

"கையுறைக்கும் பஞ்சுக்கும் ஒண்ண வித்தாச்சு," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். "மத்தத இன்சூரன்ஸ்காரன் சொல்லட்டும்."