சிவப்பு நூல் கட்டிய தூக்குப்போசி

போன ஞாயிறு காரமடைக் கல்யாண மண்டபத்தில் நடந்த பழைய மாணவர் கூட்டத்தில் கொள்ளு ரசம் மணந்த உடனே, தொண்ணூறுகளில் அதே இடத்தில் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளியும், அங்கே ஆயாவாக நான் வராந்தாவில் காவல் காத்த சாப்பாட்டுத் தூக்குப்போசிகளும் கண்முன் வந்து நின்றன. போசியில் எழுதிய பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அதனால் வாத்தியார்களுக்கும் பிள்ளைகளுக்கும் போசியின் பிடியில் நிறம் மாற்றி, முடிச்சு மாற்றி நூல் கட்டிவிடுவேன். ஒருநாளும் ஒருவர் சோறு இன்னொருவருக்குப் போனதில்லை. சிவப்பு நூல் ஒரு பிள்ளையுடையது. மூடியில் கொள்ளு ரசம் ஊற்றி, "குடிச்சுப் பாருங்க ஆயா, எங்கம்மா வெச்சது" என்று என் முகத்தையே பார்த்து நிற்பாள்.

பந்திக்கு முன்னால், இறந்துபோன வாத்தியார்கள், மாணவர்கள் பெயர்களை மைக்கில் படித்தார்கள். பழைய மாணவர்களோடு நானும் எழுந்து நின்றேன். பெயர்கள் காதில் விழுந்தன; ஒரு முகமும் வரவில்லை.

பக்கத்தில் நின்றவள் அந்தக் காலத்தில் பச்சை நூல்காரி. என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க ஆயா, ஆர நெனச்சுட்டு நிக்கறீங்க?"

"செவப்பு நூல் புள்ள இதுல இருக்குதா கண்ணு?"

"அவ பேரு என்னங்க ஆயா?"

எல்லாப் பிள்ளைகளையும் நான் கண்ணு என்றே கூப்பிட்டிருந்தேன். மைக்கில் அடுத்த பெயரைப் படித்தார்கள்.