எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒட்டிய வெண்ணெய்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குக் கறையக்கா என்று பேர். பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்புகளை வெளுத்தவள். கறையைப் பார்த்ததுமே இது மருந்து, இது பழச்சாறு, இது எண்ணெய் என்று சொல்லிவிடுவாள்.

போன வருடம் அவள் ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. வெண்ணெயை அடியோடு நிறுத்தச் சொன்னார் டாக்டர். வெண்ணெய் என்றால் அவளுக்கு உயிர். சூடான ரொட்டியில் அது உருகி ஓரத்தில் வழிவதைப் பார்த்தாலே, நாள் முழுக்க நின்ற கால்வலி மறந்துபோகும்.

"நீ சாப்பிடாதது எங்களுக்கு எதுக்கு? இனிமே இந்த வீட்டுக்குள்ள வெண்ணெய் வராது" என்றார் பஸ் டிரைவரான கணவர். கல்லூரிக்குப் போகும் மகளும் தலையாட்டினாள். கறையக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையிடத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

சனிக்கிழமைகளில் அவளுக்கு டியூட்டி உண்டு. பதினோரு மாதம் கழித்து ஒரு வாரம், சலவை இயந்திரம் பழுதாகிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு கிடைத்தது. தூங்கலாம் என்றால் வீடு கிடந்த கிடப்பைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஜன்னல், குளியலறை, அலமாரி என்று ஒரே மூச்சில் இறங்கினாள். துடைப்பம் பக்கத்தில் வந்தபோது கணவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்கிக் கொடுத்தார். அதுவே பெரிய ஒத்தாசை என்ற நினைப்பு.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டதும்தான் அவருக்குப் பதற்றம் வந்தது.

"அந்த ஃபேனை விடு. அடுத்த வாரம் நானே பாத்துக்கறேன்."

அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையா இது! அவள் ஏறி, இறக்கையில் விரலை வைத்து வழித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு பிசின் மாதிரி ஒட்டும். இது வழவழவென்று மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"யாரு பண்ணின வேலை இது?"

"எது?"

"வெண்ணெயைக் கேக்கறேன்!"

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பாதாம்மா..."

"அடிப்பாவி! நீதானே இன்னும் ரெண்டு துண்டு கேட்ட?"

விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை தவறாமல், அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும், வெண்ணெயில் முட்டை பொரித்து ரொட்டி வாட்டித் தின்றிருக்கிறார்கள். வெண்ணெய் ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குள் ஒளிந்திருந்தது.

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் மறைச்சோம்" என்றார் கணவர்.

"தின்னதுக்கு நான் கோபப்படல. தின்னுட்டுப் பாத்திரத்தைப் பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் வயிறு எரியுது! திருட்டை மறைக்கணும்னா மட்டும் தேய்க்கத் தெரியுது. மத்த ஆறு நாள் அந்தக் கையெல்லாம் எங்க போச்சு? ஆஸ்பத்திரி முழுக்க உங்களைப் பத்திப் பெருமை அடிச்சிருக்கேன். என்னைக் கேணச்சி ஆக்கிட்டீங்களே!"

கையிலிருந்த கந்தல் துணியை வீசிவிட்டு வெளியே போனவள், அன்று வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை.

ஞாயிறு காலை நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். மகள் ஃபேனைக் கழற்றிச் சுரண்டினாள். கணவர் முட்டி போட்டு அடுப்படி ஓடுகளைத் தேய்த்தார். "மூலையை விட்டுட்டீங்க" என்பதைத் தவிர அவள் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் ஃப்ரீசரிலிருந்து வெண்ணெயை எடுத்து மேசை நடுவில் 'ணங்'கென்று வைத்தாள். "இனிமே என் கண்ணு முன்னால தின்னுங்க."

இரண்டு பேரும் அசையவில்லை.

"தின்னுங்கன்னேன்!"

கணவர் ஒரு துண்டு வெட்டிச் சூடான ரொட்டியில் உருகவிட்டு வாயில் வைத்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். வாசனை எழும்பியது. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது; அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. தன் வறட்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மென்றாள்.

அந்தக் கோபம் தணிய ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். பிறகு பழையபடி பேச்சும் சிரிப்பும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் என்றாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் அவள் இறங்கி வரவே இல்லை.