காலருக்கு அடியில் பதினொரு தையல்

என் பெரியம்மா தையல்காரி. விடுதலைக்கு ஏழு வருடம் முன்பே எங்கள் தெருவுக்கு நிதித்துறையும் அவர்தான்.

இயக்கத்துக்கு அப்போது வங்கி கிடையாது, முத்திரை கிடையாது. வீட்டுக்கு மாதம் ஒரு பங்கு, எல்லோருக்கும் ஒரே தொகை. சிறைக்குப் போனவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும், இயக்கத்தின் பள்ளிக்கூடங்களில் வாத்தியார்களுக்குச் சம்பளம் போனதும் அதில்தான். ரசீது கொடுக்க வழியில்லை. காகிதம் சிக்கினால் கொடுத்தவரும் உள்ளே, வாங்கியவரும் உள்ளே. அதனால் பணம் கட்டுகிறவர், பழுது பார்க்கக் கொடுப்பதுபோல் ஒரு சட்டையைக் கொண்டுவருவார். பெரியம்மா காலரைத் தூக்கி, அடிப்பக்கத்தில் சிவப்பு நூலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு சின்னத் தையல் போட்டுத் தருவார். மாதத்துக்கு ஒன்று.

"ஊர்ப் பணத்தை மடியில கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா, எனக்கு டீக்குச் சில்லறை இல்லங்கிறா" என்பார் பெரியப்பா.

"அது ஊர்ப் பணம். உங்க டீ உங்க பணம்."

அந்த வருடம் பதினொரு மாதக் கணக்குப் பார்க்க, துணி வியாபாரி வேடத்தில் இயக்கத்திலிருந்து ஒரு ஒல்லி இளைஞர் வந்தார். தெருவிலுள்ள நாற்பத்து மூன்று வீட்டுச் சட்டைகளையும் வரவழைத்து, ஒவ்வொரு காலராகத் தூக்கி எண்ணினார். பெரியம்மா மேலிடத்துக்கு அனுப்பியிருந்தது நானூற்று எழுபத்து மூன்று பங்கு. தையல் நானூற்று அறுபத்திரண்டுதான் இருந்தது.

"பதினொண்ணு கூட வருதுக்கா."

"கூடத்தானே வருது தம்பி? குறையலையே?"

"குறைஞ்சிருந்தா பரவாயில்ல. கஷ்டத்துல எடுத்துட்டீங்கன்னு நினைச்சுக்குவோம். கூடினா, அது யார் வீட்டுப் பணம்?"

பெரியம்மா எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பக்கத்து ஊரில் அரசாங்கத்து உளவாளி ஒருவன் இப்படித்தான் இயக்கத்துக்குப் பணம் கட்டி, அது போன வழியே பின்னால் போய்ப் பதினாறு பேரைப் பிடித்துக் கொடுத்திருந்தான்.

ஒரே ஒரு சட்டையில் தையலே இல்லை. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவருடையது. ஆளைக் கூப்பிட்டார்கள்.

"மாசா மாசம் கட்டினேன் சார். அக்காவையே கேளுங்க!"

"வாயால யார் வேணாலும் சொல்லலாம். காலர்ல இல்லையே" என்றார் ஒல்லி. "நாளையிலேர்ந்து இந்தத் தெருவோட தொடர்பு வேண்டாம்னு சொல்லிடுவேன். உங்க பேர் வேற சந்தேகப் பட்டியல்ல ஏறும்."

பெரியம்மா அந்தச் சட்டையைக் கையில் வாங்கினார். வெளுத்துப்போன நீலம். பழைய சட்டை, ஆனால் காலர் மட்டும் புதுசுபோல நிமிர்ந்து நின்றது. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் பாழாப்போக! போன வாரம் இவர் பொண்டாட்டி கொண்டாந்து, காலர் நைஞ்சுபோச்சு, திருப்பிக் குடுங்கன்னா. பிரிச்சுத் திருப்பித் தைச்சேன். அடிப்பக்கம் மேல வருதேன்னு, மேல தெரிஞ்ச சிவப்பு நூலையெல்லாம் வழக்கம்போல பிடுங்கிச் சுத்தம் பண்ணிட்டேன்!"

"அதுவும் வாய்தானே அக்கா?"

பெரியம்மா சட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், காலரை வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

"இங்க வா. கண்ணைச் சுருக்கிப் பாரு."

ஒல்லி குனிந்தார். நூல் மூடியிருந்த இடம் மட்டும் சாயம் போகாமல் இருந்தது. வெளிறிய நீலத்தில், கடுகளவு கருநீலப் பெருக்கல் குறிகள். ஒவ்வொன்றின் நான்கு முனையிலும் ஊசித் துளை. விரல் வைத்து எண்ணினார். பதினொன்று. இன்னொரு தடவை எண்ணினார்.

எழுத்துக் கோக்கிறவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு மாசம்கூட விடல. நாப்பத்து மூணு வீடும்" என்றார் ஒல்லி. தணிந்த குரலில், கோயிலுக்குள் பேசுகிறவரைப் போல. அந்தத் தெருவில் பாதிப் பேர் அந்த வருடம் வேலையில்லாமல் இருந்தவர்கள்.

"இனிமே சட்டையோட கீழ் மடிப்புல போடறேன் தம்பி. அதை யாரும் திருப்ப மாட்டாங்க."

"எல்லாத் தெருவுக்கும் சொல்லி அனுப்பறேன்."

"எல்லாத் தெருவுக்குமா? அப்படின்னா எத்தனை தெரு?"

அவர் தன் சட்டைக் காலரை மெல்லத் தூக்கிக் காட்டினார். அடியில் பச்சை நூலில், வரிசை பிசகாமல் பதினொரு தையல். எங்கேயோ, எந்த ஊரிலோ, முகம் தெரியாத ஒருத்தி போட்டது.

பெரியம்மா அந்தத் தையல்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னைவிட நல்லாத் தைக்கிறாளே" என்றார்.