இரண்டால் பெருக்கிய அலை

அமுதா மேடம் போய்விட்டார் என்று நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மாரடைப்பாம். அவருக்குக் காட்ட வேண்டிய ஒரு வீடியோ எட்டு மாதமாக என் கைபேசியிலேயே கிடக்கிறது. காட்டாமல் விட்ட பாவி நான்.

கணிதத் துறையில் அவரோடு பழகிய உங்களுக்கு அந்த மூடிக் கதை தெரியும். பஸ்ஸில் இன்ஜின் பெட்டியின் மேல் டிபன் மூடியை வைத்து, அதில் துளி தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்ப்பார். இன்ஜின் அதிர அதிர, தண்ணீரின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் எழும். "ஏனுங்க மேடம், சாமிக்குப் படைக்கறீங்களா?" என்பார் கண்டக்டர். "இல்லீங்க, இந்தக் கட்டத்தைக் கம்ப்யூட்டர்ல வர வெக்கோணும்" என்பார் இவர்.

வர வைத்தார். ஒரு வருடம் உட்கார்ந்து புரோகிராம் எழுதி, அதிரும் தட்டையும் அதில் எழும் அலையையும் திரைக்குக் கொண்டுவந்தார். கருத்தரங்கில் காட்டும் முன், இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே என்று என்னிடம் காட்டினார். தட்டு இரண்டு முறை ஆடினால் அலை ஒரு முறைதான் எழுந்தது.

"எங்கியோ பாதிய முழுங்கிட்டீங்க மேடம். தட்டு எத்தனை தடவை ஆடுதோ, அலையும் அத்தனை தடவை எந்திரிக்கோணுமுங்க. ரெண்டால பெருக்குங்க" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"மொதல்ல எண்ணிப் பாருங்க சார், அப்புறம் திட்டுங்க." மாணவர்களிடம் சொல்வதையே என்னிடமும் சொன்னார். நான் எண்ணவில்லை, சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் இருந்த நாலு பேரும் கூடச் சிரித்தார்கள். கருத்தரங்கில் கொடுத்திருந்த தன் பெயரை மேடம் எடுத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் அதே பஸ்ஸில் நானும் மூடியை வைத்து, கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தேன். மூடி இரண்டு முறை ஏறி இறங்க, தண்ணீர் ஒரே முறைதான் எழுந்தது. அட கடவுளே, அவர் சொன்னதுதான் சரி! நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தினமும் ஒன்றாக டீ குடித்தோம். வெட்கம், வாய் வரவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் கணவர் லேப்டாப்பைத் திறந்து, "இதுல உங்க பேரு என்னமோ இருக்குதுங்க சார்" என்றார். அந்தப் புரோகிராமில், அலையின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கும் ஒரு வரி. பக்கத்திலேயே மேடத்தின் குறிப்பு: "ரவி சார் சொன்னதற்காகப் போட்டது. எனக்கு ஒப்பவில்லை."

அவர் கணவரிடம் கேட்டுக்கொண்டு அந்த வரியை அழித்தேன். குறிப்பை அழிக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துவந்தேன், சட்டைப் பையில்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன் மேடம். திட்டுவதற்குத்தான் நீங்கள் இல்லை.