சந்தனம் வைத்த கருவி

நான் மெல்பேர்னின் டண்டினொங்கில் சாமான் ஏற்றும் வான் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு லைசென்ஸ்தான் சோறு. வேகமாக ஓடிப் பலமுறை பிடிபட்டதில் அதன் புள்ளிகள் குறைந்துவிட்டன. இன்னொரு முறை பிடிபட்டால் புள்ளிகள் முடிந்து லைசென்சோடு வேலையும் போய்விடும்.

மெதுவாக ஓடியிருக்கலாம். நானோ பொலிஸ் ராடாரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவியொன்றை வாங்கினேன். மெல்பேர்னிலும் சிட்னியிலும் அது சட்டவிரோதம் என்று தெரியும். அதனால் எங்கள் புதுக் காரில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கார்ப் பூசைக்காக மனைவியோடு சிட்னியிலுள்ள மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனேன். கருவி கத்தியபோது மட்டும் வேகத்தைக் குறைத்தேன்.

ஐயர் சில்லுகளின் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு, படத்துக்குப் பொட்டு வைக்கக் குனிந்தார்.

"பின்னால இதென்ன தம்பி?"

"பாட்டுக் கேக்கிறது, ஐயா."

அவர் அதற்கும் சந்தனம் வைத்தார். "முருகா, இவருக்கும் றோட்டில வாற மற்ற ஆக்களுக்கும் ஒரு ஆபத்தும் வரக்கூடாது," என்று வேண்டினார்.

அந்த மற்ற ஆட்களை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பொலிசை மட்டுமே நினைத்திருந்தேன்.

ஐயர் போனதும் மனைவி மெல்லச் சொன்னாள்: "முருகனுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிட்டு, முன்னால நிண்டு பொய்யும் சொல்லுறியளே அப்பா!"

கருவியைக் கழற்றினேன். அதிலிருந்த சந்தனத்தை விரலால் எடுத்து என் நெற்றியில் பூசினேன். பிறகு சில்லின் கீழே தேசிக்காய்க்குப் பக்கத்தில் கருவியையும் வைத்து, காரை மேலே ஏற்றி நசித்தேன்.

வீடு வந்து சேர அன்று நேரம் கூடுதலாகப் பிடித்தது. மிஞ்சிய புள்ளிகள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.