மடியில் கொலையாளியின் தடம்

இன்று தடயவியல் செய்முறை வகுப்பு. கல்லூரி மைதானத்தில் ஒரு பொம்மையைக் கிடத்தி, "இதுதான் கொலை நடந்த இடம்" என்றார்கள். சுற்றிச் சுற்றித் தேடி, ஈர மண்ணில் ஒரு ஷூ தடத்தைக் கண்டுபிடித்து, பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தேன். "கொலையாளி ஆண், ஆறடி உயரம்" என்று அறிக்கையும் எழுதியாயிற்று.

ஆம்பூர் பஸ்ஸில் அச்சு என் மடியில். பக்கத்தில், ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் அக்கா ஒருவர்.

"இன்னாம்மா அது?"

"கொலகாரனோட தடம்க்கா."

வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஆம்பளையா? இது லேடீஸ் சோலும்மா. முப்பத்தேழு சைஸு. குதிகால் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு பாரு."

பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார்.

"நீ போட்டுனு இருக்கியே, அதே ஷூதான்."

நாளை பேராசிரியரிடம் சரணடைகிறேன். ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறவர்கள் கமெண்டில் கை தூக்கவும்.