செல்வியின் அம்மா பார்க்கக் கேட்ட வீடியோ

தஞ்சாவூரில் எம்.ஏ. படித்தபோது, இலக்கியத்திலும் கலையிலும் சமயம் எப்படி வெளிப்படுகிறது என்பது எங்களுக்கு ஒரு பாடம். கட்டுரை எழுதுவதற்காக, குடவாசல் பக்கம் இருக்கும் வகுப்புத் தோழி செல்வியின் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். அவள் அம்மா மேல் சாமி வந்து ஆடியது. நான் செல்போனில் வீடியோ எடுக்க, செல்விதான் முன்னால் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

தலைவிரித்து ஆடும் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டேன். அதை வகுப்பில் போட்டுக் காட்டி, "இது பக்தி இல்லை, அடக்கி வைத்த கோபம்" என்று விளக்கினேன். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் செல்வி தன் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

"வாம்மா, சாப்பிடு" என்று இலை போட்ட அம்மா, பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு வீடியோ எடுத்தியே, காட்டேன். சாமி வந்தா எனக்கு ஒண்ணும் நெனப்பிருக்காது. என்ன வாக்கு சொன்னேன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அந்த வாக்கைத்தான் நான் அழித்திருந்தேன்.

"போன்ல எல்லாமே அழிஞ்சு போச்சும்மா" என்றேன்.

அடுப்படியிலிருந்து வந்த செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு என் இலையில் ரசம் ஊற்றினாள்.

அவருடைய கோபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. மன்னிப்பு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.